அரண்மனைத் தெரு பாலஸ்தீனத் தெரு ஆனபோது

1979-ல் ஈரானில் வெடித்த புரட்சி ஒரு மன்னரை நாட்டைவிட்டு விரட்டியது. அதோடு நிற்கவில்லை. வாஷிங்டன், மாஸ்கோ, பெய்ஜிங், பாக்தாத், ஜெருசலேம், ரியாத் என்று எதிரும் புதிருமாக நின்ற தலைநகரங்கள் அனைத்தையும் இடம் மாற்றி உட்காரவைத்தது. அதன் கணக்கு இன்னும் தீரவில்லை. ஒரு சிறு பகுதி சென்னை மணலி வரைக்கும் வந்திருக்கிறது.

1979 பிப்ரவரி 19. தெஹ்ரானின் காக் தெருவில் ஒரு கட்டடத்தின் முன்னால் பெருங்கூட்டம். பாரசீகத்தில் காக் என்றால் அரண்மனை. அந்தத் தெருவில்தான் பல ஆண்டுகளாக இஸ்ரேலின் தூதுக்குழு இயங்கிவந்தது. 1950-ல் ஈரான் இஸ்ரேலுக்கு நடைமுறை அங்கீகாரம் மட்டுமே கொடுத்திருந்தது. அதனால் முறையான தூதரகம் என்று எவரும் அதைச் சொல்வதில்லை. ஆனால், வேலை எல்லாம் தூதரக வேலைதான். எண்ணெய், ஆயுதம், உளவுத் தகவல், விவசாய ஆலோசனை என எல்லாமே அந்தக் கட்டடத்தின் வழியே நடந்தன.

அன்று அந்தக் கட்டடத்துக்கு வந்தவர் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத். ராணுவம் நடுநிலை வகிப்பதாக அறிவித்து மன்னராட்சி சரிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. புதிய ஈரானுக்கு வந்து இறங்கிய முதல் வெளிநாட்டுத் தலைவர் அவரே. இஸ்ரேலியர்கள் இருந்த கட்டடம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பாலஸ்தீனக் கொடி ஏறியது. ‘இன்று ஈரான், நாளை பாலஸ்தீனம்’ என்ற முழக்கம் எழுந்தது. காக் தெரு, பாலஸ்தீனத் தெரு என்று பெயர் மாறியது.

ஒரு புரட்சி வெளியுறவை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற காட்சி கிடைக்காது. ஆனால், இந்தக் காட்சி பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. அடுத்த ஆண்டே ஈராக், ஈரான் மீது படையெடுத்தது. அராஃபத் போகப்போக ஈராக் பக்கம் சாய்ந்தார். ஈரான் ரகசியமாக ஆயுதம் வாங்கிய இடங்களில் ஒன்று இஸ்ரேல். தெருவின் புதிய பெயர் மாறவில்லை; தெருவுக்குப் பின்னால் நடந்ததுதான் மாறியது.

விழுந்தது ஒரு தூண்

புரட்சிக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1971-ல் பிரிட்டன் வளைகுடாவிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டது. வியட்நாமில் சிக்கியிருந்த அமெரிக்காவால் அந்த இடத்துக்குத் தானே வர முடியவில்லை. ஈரானும் சவூதி அரேபியாவும் இரட்டைத் தூண்களாக நின்று வளைகுடாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார் அதிபர் நிக்ஸன். இரண்டில் பெரிய தூண் ஈரான். அணு ஆயுதம் தவிர கேட்டதெல்லாம் ஈரான் மன்னர் ஷாவுக்குக் கிடைத்தது. சோவியத் மிக்-25 உளவு விமானங்கள் ஈரான் வானில் எட்டாத உயரத்தில் பறந்து எரிச்சலூட்டின. அதற்காகவே எஃப்-14 டாம்கேட் விமானங்கள் 80-க்கு ஷா ஆர்டர் கொடுத்தார். 79 வந்து சேர்ந்தன. அமெரிக்கா அந்த விமானத்தை வேறு எந்த நாட்டுக்கும் விற்கவே இல்லை.

1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டுப் பறந்தார். பிப்ரவரி 1 அன்று, நாடு கடத்தப்பட்டிருந்த புரட்சித் தலைவர் அயத்துல்லா கொமேனி பாரீஸிலிருந்து ஏர் பிரான்ஸ் விமானத்தில் வந்து இறங்கினார். பிப்ரவரி 11 அன்று எல்லாம் முடிந்தது.

தூண் சரிந்ததும் கூரையின் ஒவ்வொரு மூலையிலும் விரிசல் விழுந்தது. மார்ச் மாதத்தில் ஈரானும் பாகிஸ்தானும் சென்டோ எனப்பட்ட ராணுவக் கூட்டணியிலிருந்து வெளியேறின. சில மாதங்களில் அந்த அமைப்பே கலைந்தது. மார்ச் 26 அன்று எகிப்து இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் போட்டதும் ஈரான் எகிப்துடன் உறவை முறித்தது. இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா தன் கச்சா எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவிகிதத்தை ஷாவின் ஈரானிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. கொமேனி அந்தக் குழாயை மூடினார். கறுப்பின மக்களின் விடுதலைக்கு அது செய்த உதவி குறைத்து மதிப்பிடக்கூடியதல்ல. அந்தப் புரட்சியை எத்தனை குறை சொன்னாலும், அந்த ஒரு முடிவைத் தனியே எடுத்து மதிக்கத்தான் வேண்டும்.

பெட்டிச் செய்தி: தெருப்பலகைகள் சொல்லும் வரலாறு

தெஹ்ரானின் வெளியுறவுக் கொள்கையைத் தெருப்பலகைகளிலேயே படித்துவிடலாம். ஐசன்ஹோவர் சாலை ‘ஆசாதி’, அதாவது விடுதலைச் சாலை ஆனது. பிரிட்டன் அரசி எலிசபெத் பெயரில் இருந்த சாலை, உழவர் சாலை. ரூஸ்வெல்ட் சாலைக்கு, கொல்லப்பட்ட மதகுரு மொஃபத்தேயின் பெயர்.

பிரிட்டன் தூதரகத்தை ஒட்டிய வின்ஸ்டன் சர்ச்சில் தெருவுக்கு, 1981 மே மாதம் பிரிட்டிஷ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸின் பெயர் சூட்டப்பட்டது. கடிதத்தாளில் அந்தப் பெயரை அச்சிட மனமில்லாத தூதரகம், ஃபெர்தௌசி தெருப் பக்கம் இருந்த வாசலைத் தன் முகவரி ஆக்கிக்கொண்டது.

எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைச் சுட்டுக்கொன்ற காலித் இஸ்லாம்பூலியின் பெயரும் ஒரு தெருவுக்குக் கிடைத்தது. தெஹ்ரான் – கெய்ரோ உறவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பலகை குறுக்கே நின்றது. 2025-ல்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. பதிலுக்கு வந்தது லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தின் மறைந்த தலைவர் ஹசன் நஸ்ரல்லாவின் பெயர்.

காது கேளாமல் போன வல்லரசு

அமெரிக்கா இழந்தது எண்ணெயும் ஆயுதச் சந்தையும் மட்டுமல்ல. காஸ்பியன் கடலோரம் பெஹ்ஷஹர், வடகிழக்கே மஷ்ஹத் நகரை அடுத்த கப்கான். ஈரானின் இந்த இரண்டு இடங்களில் சி.ஐ.ஏ.-வின் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் இருந்தன. எல்லைக்கு அப்பால் சோவியத் யூனியன் ஏவுகணையைச் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம், அது பறந்தபடியே தரைக்கு அனுப்பும் சமிக்ஞைகளை இந்த நிலையங்கள் பிடித்துக்கொள்ளும். புரட்சியோடு இரண்டும் போயின.

1979 ஜூன் மாதம் வியன்னாவில் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் சால்ட்-2 அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ‘ரஷ்யர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று இனி எப்படிச் சரிபார்ப்பீர்கள்?’ என்பது அமெரிக்க செனட்டில் எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று. பதில் சொல்லக் காது இல்லை.

காது கிடைத்தது எங்கே தெரியுமா? கம்யூனிச சீனாவில். 1979 ஜனவரி 1 அன்றுதான் அமெரிக்காவும் சீனாவும் முழுமையான தூதரக உறவுக்குள் வந்திருந்தன. சோவியத் யூனியனைத் தன் முதல் எதிரியாகக் கருதிய சீனாவின் டெங் ஷியோபிங், சின்ஜியாங் மாகாணத்தில் நிலையங்கள் அமைக்கச் சம்மதித்தார். கோர்லாவிலும் சிதாயிலும் கருவி அமெரிக்காவுடையது, ஆள் சீனாவுடையது, தகவல் இருவருக்கும். கொரியப் போரில் நேருக்கு நேர் சுட்டுக்கொண்ட இரண்டு நாடுகள், மூன்றாவது நாடு ஒன்றில் நடந்த புரட்சியின் காரணமாக ஒரே ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டன.

இதில் இன்னொரு முரண் உண்டு. 1978 ஆகஸ்ட் இறுதியில், தெஹ்ரான் தெருக்களில் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது ஷாவைப் பார்க்க வந்தவர் சீனத் தலைவர் ஹுவா குவோஃபெங். போராட்டக்காரர்கள் அதை மறக்கவில்லை. அந்தக் கசப்பைக் கடந்துதான் சீனா, போர்க்காலத்தில் ஈரானுக்கும் ஈராக்குக்கும் ஒரே நேரத்தில் ஆயுதம் விற்கும் நிலைக்கு வந்தது.

ஒரு கைகுலுக்கலின் விலை

புரட்சி நடந்த உடனேயே அமெரிக்க உறவு முறிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடைக்காலப் பிரதமர் மெஹ்தி பஸர்கான் ஒரு பொறியாளர்; நிதானஸ்தர். அமெரிக்காவோடு சமமாக நின்று பேச வேண்டும் என்று விரும்பியவர். ஷாவின் பணத்துக்கு வாங்கிய ஆயுதங்கள், அவற்றின் உதிரி பாகங்கள், பாக்கிக் கணக்கு இவற்றையெல்லாம் பேசித் தீர்க்க முடியும் என்று அவர் நம்பினார்.

அக்டோபர் 22 அன்று, புற்றுநோய் சிகிச்சைக்காக ஷாவை அமெரிக்கா நியூயார்க்கில் அனுமதித்தது. 1953-ல் பிரதமர் மொசாதெக் ஆட்சியைச் சி.ஐ.ஏ.-வும் பிரிட்டனும் கவிழ்த்து ஷாவை மறுபடி உட்காரவைத்ததை ஈரானியர் மறந்திருக்கவில்லை. மறுபடியும் அதேபோல் நடக்கப்போகிறது என்ற அச்சம் பரவியது. நவம்பர் 1 அன்று அல்ஜியர்ஸ் நகரில் ஒரு விழாவுக்குப் போன இடத்தில் பஸர்கான், கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஷின்ஸ்கியைச் சந்தித்துக் கைகுலுக்கினார். செய்தி தெஹ்ரானை எட்டியது. மூன்றே நாளில், நவம்பர் 4 அன்று, மாணவர்கள் அமெரிக்கத் தூதரகச் சுவர் ஏறிக் குதித்தார்கள். இரண்டு நாள் கழித்து பஸர்கான் பதவி விலகினார்.

உள்ளே ஊழியர்கள் அவசரமாக ரகசிய ஆவணங்களைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். நூடுல்ஸ் போல் நீள நீளமான காகிதக் கீற்றுகள். மாணவர்கள் அவற்றைக் கொட்டிக் கலைக்காமல் அள்ளி, ஒவ்வொரு கீற்றாக எடுத்து எழுத்துக்கு எழுத்து பொருத்தி, ஒட்டி, முழுப் பக்கமாக்கினார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. எழுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அவை புத்தகமாகவே வெளிவந்தன.

அந்தக் கீற்றுகள் வெட்டியது அமெரிக்காவை மட்டுமல்ல. பஸர்கான் அரசின் செய்தித் தொடர்பாளராகவும் துணைப் பிரதமராகவும் இருந்த அப்பாஸ் அமீர்-இந்திஸாம், அரசாங்க வேலையாக அமெரிக்க அதிகாரிகளைச் சந்தித்தவர். அந்தச் சந்திப்புக் குறிப்புகளே அவருக்கு எதிரான சாட்சியங்கள் ஆயின. ஆயுள் தண்டனை கிடைத்தது. வாழ்வின் பெரும்பகுதியைச் சிறையிலும் வீட்டுக் காவலிலும் கழித்து, 2018-ல் இறந்தார்.

புரட்சி வெளியுறவுக்குச் செய்யும் ஆகப்பெரிய சேதம் இதுதான். தூதரை மறுபடி அனுப்பலாம், கட்டடத்தை மறுபடி திறக்கலாம். இரண்டு பக்கத்து மொழியும் மனசும் தெரிந்து, நடுவில் நின்று பேசக்கூடிய மனிதர்களை ஒரே இரவில் துரோகிகள் ஆக்கிவிட்டால், அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை. எதிராளியோடு பேசுவதே குற்றம் என்றான பிறகு எந்த அதிகாரிக்குப் பேசத் துணிச்சல் வரும்? வாஷிங்டனிலும் அதே கதைதான். ஈரானோடு பேசினால் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்ற பயம் அங்கேயும் வேர் பிடித்தது.

52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரல் 7 அன்று அமெரிக்கா உறவை முறித்தது. அதே மாத இறுதியில், பாலைவனத்தில் நடந்த மீட்பு முயற்சி தோற்று எட்டு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

எதிரியின் எதிரியும் எதிரியே

எதிரிக்கு எதிரி நண்பன் என்பார்கள். ஈரான் – ஈராக் போரில் அந்தச் சொல் எடுபடவில்லை.

கொமேனி 1965 முதல் 1978 வரை ஈராக்கின் நஜஃப் நகரில்தான் இருந்தார். ஷா கேட்டுக்கொண்டதால் சதாம் ஹுசைன் அவரை வெளியேற்றினார். குவைத்தும் உள்ளே விடவில்லை. அதனால்தான் அவர் பிரான்ஸுக்குப் போக நேர்ந்தது. ஈராக்கில் ஷியா மக்களே பெரும்பான்மை. பக்கத்து வீட்டுத் தீ தன் கூரைக்குத் தாவும் என்ற அச்சம் ஒருபக்கம், ஈரான் படை குலைந்து கிடக்கிறது என்ற கணக்கு மறுபக்கம். 1975-ல் தானே கையெழுத்திட்ட எல்லை ஒப்பந்தத்தை 1980 செப்டம்பர் 17 அன்று சதாம் ரத்து செய்தார். ஐந்து நாள் கழித்துப் படை புகுந்தது. எட்டு ஆண்டுகள் நடந்த அந்தப் போரில் இரண்டு பக்கமும் பல லட்சம் பேர் மாண்டார்கள். பதின்ம வயதுப் பையன்கள் தன்னார்வலர்களாக முன்னணிக்குப் போனார்கள். ஷத் அல்-அரப் ஆற்றங்கரையின் பேரீச்சந் தோப்புகள் தலையிழந்த தூண்களாக நின்றன. எல்லைக் கோடு கடைசியில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த எட்டு ஆண்டுகளில் யார் யாரோடு நின்றார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். சிரியாவை ஆண்டதும் பாத் கட்சி. ஈராக்கை ஆண்டதும் பாத் கட்சி. அது பங்காளிச் சண்டை. அரபு தேசியம் பேசிய சிரிய அதிபர் ஹஃபேஸ் அல்-அசாத், அரபு அல்லாத ஈரான் பக்கம் நின்றார். 1982 ஏப்ரலில் ஈராக் எண்ணெய் தன் நாட்டு வழியே போகும் குழாயை மூடினார். கைம்மாறாக ஈரானிடமிருந்து மலிவு எண்ணெய் வந்தது.

1967 முதல் அமெரிக்காவோடு உறவே இல்லாத ஈராக்குக்கு 1983 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரேகனின் தூதராக டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் போய்ச் சதாமோடு கைகுலுக்கினார். அடுத்த ஆண்டு உறவு மலர்ந்தது. சோவியத் யூனியன் ஈராக்குக்கு ஆயுதம் கொடுத்தது, பிரான்ஸும் கொடுத்தது. உலகையே இரண்டாகப் பிளந்து நின்ற இரு வல்லரசுகளும் பாக்தாத்தில் ஒரே பக்கம் நின்றன. ‘கிழக்கும் வேண்டாம், மேற்கும் வேண்டாம்’ என்ற கொமேனியின் முழக்கம் செய்த வேலை அது.

இஸ்ரேலின் கணக்கு வேறு. ஈராக் வென்றால் ஆபத்து என்று அது நினைத்தது. ஈரானிடம் இருந்தவை அமெரிக்க விமானங்கள். உதிரி பாகம் இல்லாமல் அவை தரையில் முடங்கும். ‘குட்டிச் சாத்தான்’ என்று தன்னைத் திட்டிய நாட்டுக்கே இஸ்ரேல் பாகங்களை அனுப்பியது. 1985 ஆகஸ்டில் அமெரிக்காவின் சம்மதத்தோடு 96 டோ ஏவுகணைகள் போயின. அடுத்த மாதம் இன்னும் 408. ஈராக்கின் ஒசிராக் அணு உலையை ஈரான் விமானங்கள் 1980 செப்டம்பரில் தாக்கிப் பார்த்தன. 1981 ஜூன் 7 அன்று அதைத் தகர்த்துவிட்டுத் திரும்பியவை இஸ்ரேல் விமானங்கள்.

பெட்டிச் செய்தி: தெஹ்ரானுக்கு வந்த கேக்

1986 மே மாதம், அமெரிக்க அதிபரின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் ராபர்ட் மக்ஃபார்லேன் போலி பாஸ்போர்ட்டில் தெஹ்ரானில் இறங்கினார். விமானத்தில் ஏவுகணை உதிரி பாகங்கள். பரிசாக ஒரு கேக். குழுவில் அமெரிக்கர் வேடத்தில் ஓர் இஸ்ரேலியரும் இருந்தார்: இஸ்ரேல் பிரதமரின் ஆலோசகர் அமிராம் நிர். லெபனானில் பிணையாக இருந்த அமெரிக்கர்களை மீட்பதுதான் நோக்கம். பேச்சு பலிக்கவில்லை. நவம்பரில் லெபனான் வார இதழ் அஷ்-ஷிரா இந்தக் கதையை வெளியிட்டது. ஆயுதம் விற்ற பணம் நிகரகுவாவின் புரட்சி அரசை எதிர்த்த கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்குப் போனதும் அம்பலமாகி, ரேகன் ஆட்சியே ஆட்டம் கண்டது. ஒரு நாட்டின் புரட்சி முறித்த உறவு, இன்னொரு நாட்டின் புரட்சியை ஒடுக்கப் பணம் தேடிக் கொடுத்தது.

மெக்காவிலிருந்து பெய்ஜிங் வரை

இரட்டைத் தூண்களில் நின்றுகொண்டிருந்த இன்னொன்று சவூதி அரேபியா. மன்னராட்சியே இஸ்லாத்துக்கு முரண் என்றார் கொமேனி. ரியாத்தின் அடிமடியிலேயே கை வைக்கும் பேச்சு அது. 1981 மே மாதம் அபுதாபியில் ஆறு அரபு மன்னராட்சிகள் சேர்ந்து வளைகுடா ஒத்துழைப்புக் குழுவை உருவாக்கின. தங்களுக்குள் எல்லைத் தகராறு இருந்த நாடுகளை ஒன்றாக உட்காரவைத்தது தெஹ்ரான் மீதிருந்த பயம்.

1987 ஜூலை 31. ஹஜ் காலம். மெக்காவில் ஈரான் யாத்ரீகர்கள் நடத்திய ஆர்ப்பாட்டம் சவூதி காவல் படையோடு மோதலாக முடிந்தது. சவூதி அரசின் கணக்குப்படியே 402 பேர் இறந்தார்கள். அவர்களில் 275 பேர் ஈரானியர். அடுத்த ஆண்டு உறவு முறிந்தது. மூன்று ஆண்டுகள் ஈரானிலிருந்து எவரும் ஹஜ் போகவில்லை. வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த ஒரு பயணத்துக்காகக் காத்திருந்த முதியவர்களுக்கு மூன்று ஆண்டு என்பது சின்னக் கணக்கல்ல.

1991-ல் உறவு ஒட்டியது. 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல்-நிம்ருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்றியது. தெஹ்ரானில் சவூதி தூதரகம் எரிந்தது. உறவு மறுபடி அறுந்தது. 2023 மார்ச் 10 அன்று அதை ஒட்டவைத்தது பெய்ஜிங். 1979-ல் அமெரிக்காவுக்குக் காது கொடுத்த அதே பெய்ஜிங், 44 ஆண்டுக்குப் பின் அமெரிக்கா இல்லாமலேயே வளைகுடாவில் பஞ்சாயத்து பேசும் இடத்துக்கு வந்துவிட்டது.

நடுவில் நின்றவர்கள்

பேசக்கூடிய மனிதர்கள் போனதும் அந்த வேலை மூன்றாம் நாடுகளுக்குப் போனது. 1980 முதல் தெஹ்ரானில் அமெரிக்க நலன்களைப் பார்த்துக்கொண்டது சுவிட்சர்லாந்து. வாஷிங்டனில் ஈரானுக்கு முதலில் அல்ஜீரியாவும் 1992-க்குப் பிறகு பாகிஸ்தானும் இடம் கொடுத்தன. பின்னாளில் ஈரானின் அணுத் திட்டம் குறித்த ஒப்பந்தத்துக்கான ரகசியப் பேச்சு நடந்தது ஓமனின் மஸ்கட்டில்.

1981 ஜனவரி 19 அன்று அல்ஜீரியாவின் சமரசத்தில் உருவான ஒப்பந்தம் பிணைக்கைதிகளை விடுவித்தது. அதோடு நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு தீர்ப்பாயத்தையும் அமைத்தது. ஒன்பது நடுவர்கள்: மூவர் ஈரான், மூவர் அமெரிக்கா, மூவர் பொது. புரட்சியில் சிக்கிய ஒப்பந்தங்கள், சொத்துகள், பாக்கிகள் எல்லாம் அங்கே வழக்குகளாக வந்தன. 1984 செப்டம்பரில் ஈரான் தரப்பு நடுவர்கள் இருவர் ஸ்வீடன் நாட்டு நடுவர் மீது கைவைத்ததும் நடந்தது. ஆனாலும் தீர்ப்பாயம் கலையவில்லை. ஊர் பார்க்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட இரண்டு அரசுகள், அந்த அறைக்குள் ஆண்டாண்டாக ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தன.

ஷா ஆயுதம் வாங்க முன்பணமாகக் கட்டிய 40 கோடி டாலரை 2016 ஜனவரியில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது. வட்டியோடு மொத்தம் 170 கோடி டாலர். வங்கி வழியே அனுப்பத் தடைகள் இருந்ததால் அசல் தொகை ரொக்கமாகவே விமானம் ஏறியது: யூரோவும் சுவிஸ் ஃபிராங்கும் கட்டுக்கட்டாக.

இஸ்ரேலுடன் இருந்த கணக்கும் நிற்கிறது. 1967 போருக்குப் பின் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தபோது, செங்கடலோரம் எய்லாத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் அஷ்கெலோன் வரை ஷாவும் இஸ்ரேலும் பாதிக்குப் பாதி பங்கில் எண்ணெய்க் குழாய் போட்டார்கள். புரட்சிக்குப் பின் அது இஸ்ரேல் கையில் போனது. இஸ்ரேல் என்ற நாட்டையே ஏற்காத இஸ்லாமியக் குடியரசு, அந்தக் கூட்டு நிறுவனத்தில் தன் பங்குக்காக வழக்காடியது. சுமார் 110 கோடி டாலர் தர வேண்டும் என்ற உத்தரவை 2016-ல் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எதிரி நாட்டுக்குப் பணம் தர எங்கள் சட்டம் இடம் தராது என்று இஸ்ரேல் கைவிரித்தது.

மணலியில் ஒரு பங்கு, மலையகத்தில் ஒரு கூடை

வடசென்னையின் மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது மூன்று பங்காளிகள். இந்திய அரசுக்கு 74 சதவிகிதம். மீதியில் அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஈரானின் டேரியஸ் கச்சா எண்ணெயை நம்பிக் கட்டப்பட்ட ஆலை அது.

தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகச் சுவர் ஏறிக் குதித்த நாளிலும் மணலி ஆலையில் அமெரிக்க நிறுவனமும் ஈரான் நிறுவனமும் கூட்டாளிகளாகவே இருந்தன. 444 நாளும் இருந்தன. 1985-ல்தான் அமோகோ தன் பங்கை இந்திய அரசுக்குக் கொடுத்துவிட்டு விலகியது. ஈரான் விலகவில்லை. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, இந்தியன் ஆயில் கைக்குப் போன பிறகும், ஈரானின் துணை நிறுவனமான நாஃப்டிரான் சுமார் 15 சதவிகிதப் பங்கோடு தொடர்ந்தது.

கர்நாடகத்தின் குதிரேமுகத்தில் கதை வேறு மாதிரி போனது. 1975-ல் ஷாவின் ஈரான் 63 கோடி டாலர் கடன் தருவதாகச் சொல்லி, அங்கே எடுக்கும் இரும்புத் தாதுவைத் தானே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் என்று திட்டமிட்ட சுரங்கம். புரட்சி வந்தது, கடனும் பாதியில் நின்றது, வாங்க ஆளும் இல்லை. மலையை வெட்டியாகிவிட்டது. வேறு சந்தை தேடி, தாதுவை உருண்டைகளாக்கும் ஆலையை மங்களூரில் கட்டி, மெள்ள மெள்ளத்தான் அந்த நிறுவனம் கரையேறியது.

இலங்கையின் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையும் ஈரான் எண்ணெய்க்குப் பழகிய ஆலை. 2012-ல் அமெரிக்கத் தடை இறுகியபோது அந்த ஆலை தடுமாறியது. வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய 25 கோடி டாலரை அனுப்ப வழி இல்லை. 2021 டிசம்பரில் ஒரு முடிவு எட்டப்பட்டது: மாதம் 50 லட்சம் டாலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்பிக் கடனைக் கழிப்பது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பனி விலகும் முன் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் மலையகத் தமிழ்ப் பெண்ணுக்குத் தெஹ்ரான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அவர் கிள்ளும் இரண்டு இலையும் ஒரு மொட்டும், அவரைப் போன்ற பலர் பிறக்கும் முன்னரே தொடங்கிய ஒரு பகையின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன.

டமாஸ்கஸ், 2024 டிசம்பர் 8

சிரியாவில் ஹஃபேஸின் மகன் பஷார் அல்-அசாத்தின் ஆட்சி அன்று சரிந்தது. அவர் ரஷ்யாவுக்குத் தப்பிய அதே நாளில் டமாஸ்கஸில் ஈரான் தூதரகத்துக்குள் ஆட்கள் புகுந்தார்கள். கண்ணாடிகள் உடைந்து கிடந்தன. ஈரானின் உச்சத் தலைவர் காமெனி, நஸ்ரல்லா, ஈரான் தளபதி காசிம் சுலைமானி ஆகியோரின் படங்கள் கிழிந்து தொங்கின. 1982-ல் எண்ணெய்க் குழாயை மூடிக் கட்டிய நட்பு அதோடு முடிந்தது. அடுத்த மே மாதம் ரியாத்தில் சிரியாவின் புதிய தலைவர் அகமது அல்-ஷராவும் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் சந்தித்தார்கள். பல பத்தாண்டுத் தடைகளை நீக்கப்போவதாக டிரம்ப் அறிவித்தார்.

மறு மாதம், 2025 ஜூன் 13 அன்று, இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. சிரிய வான்வெளியில் இஸ்ரேல் விமானங்களைத் தடுக்க எவரும் இல்லை. ஜூன் 22 அன்று அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு போட்டது. அந்த 12 நாள் போரின்போது, தெஹ்ரானில் நின்றிருந்த எஃப்-14 விமானங்களைத் தாக்கும் காட்சியை இஸ்ரேல் ராணுவம் வெளியிட்டது. சோவியத் விமானங்களை விரட்ட ஷா அமெரிக்காவிடம் வாங்கி, சதாமுக்கு எதிராகப் பறந்து, உதிரி பாகத்துக்கு வழியில்லாமல் அரை நூற்றாண்டைத் தள்ளிய அதே ரக விமானங்கள். அவற்றின் பாகங்கள் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்கா தன்னிடமிருந்த பழைய எஃப்-14-களையே 2007-லிருந்து துண்டு துண்டாக வெட்டியிருந்தது.

டமாஸ்கஸ் தூதரகம் சூறையாடப்பட்ட ஒன்பதாம் நாள் தெஹ்ரானில் வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளரிடம் ஒரு கேள்வி வந்தது. அசாத்துக்குக் கொடுத்த பல நூறு கோடி டாலர் கடன் என்ன ஆகும்? ஓர் அரசு போய் இன்னோர் அரசு வந்தாலும், பழைய அரசின் ஒப்பந்தங்களும் கடன்களும் புதிய அரசைச் சேரும் என்பதே அவர் சொன்ன பதிலின் சாரம்.